உள்ளாட்சிச் சண்டையும் நம் கல்லாவும்



நம் அத்திப்பட்டு ஊராட்சியில் 2019 டிசம்பர் கடைசியில் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அந்த மாதம் நம்மிடம் சரக்கு எடுக்க வந்த சில்லறைக் கடைக்காரர்கள் பலருக்கு இந்த மாற்றம் தெரியவே இல்லை. தெரிந்தவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க அண்ணாச்சி, மன்றம் இருந்தா கட்சி, சண்டை, கமிஷன். ஆபீசர்னா ஒரே கையெழுத்து, வேலை முடிஞ்சுது" என்றார்கள்.

இந்தப் பேச்சு புதிதல்ல. சென்னையில் ஐம்பது ஆண்டுகளாகப் பேசப்படுவதுதான். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏமாற்று என்று வியாபாரியின் கண்ணோட்டத்தில் விளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்சிக் கண்ணோட்டம் இதில் இல்லை. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், எல்லோரும் நமக்கு வாடிக்கையாளர்களே.

முதலில் எல்லையைப் பார்ப்போம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் எண்ணூர் நிலையம் வரை மாநகராட்சி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அடுத்த நிலையமான அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால் கிராம ஊராட்சி. இடையில் ஐந்து நிமிடப் பயணம்தான். ஒரே மொத்தக் கடையில், ஒரே விலையில் பருப்பு மூட்டை எடுக்கிற இரண்டு மளிகைக் கடைக்காரர்களில் ஒருவர் மேயர் தலைமையிலான மன்றத்துக்கு வரி கட்டுகிறார். மற்றவர் மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிக்குக் கட்டுகிறார். எண்ணூரும் எப்போதும் மாநகராட்சியில் இருந்ததில்லை. கத்திவாக்கம் என்ற தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் ஆக 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு இணைத்தபோது அதுவும் உள்ளே போனது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின. நமக்குத் தெற்கே இருக்கும் இடையஞ்சாவடி, சடையங்குப்பம் போன்ற ஊராட்சிகளும் அப்போதுதான் மணலி மண்டலத்துக்குள் வந்தன.

இன்னொரு அத்திப்பட்டும் உண்டு என்பது லாரி புக்கிங் ஆபீசில் அவதிப்பட்ட அன்பர்களுக்குத் தெரியும். அம்பத்தூர் பக்கத்து அத்திப்பட்டுக்குப் போக வேண்டிய சரக்கு நம் ஊருக்கும், நம் சரக்கு அங்கும் போய் நின்றதுண்டு. அந்த அத்திப்பட்டு அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011-ல் மாநகராட்சியாகிவிட்டது. நம் அத்திப்பட்டு வெளியே நின்றுவிட்டது. (2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தைப் பார்த்துவிட்டுக் காணாமல் போன ஊர் உங்கள் ஊர்தானா என்று கேட்பவர்களுக்கு: படத்தில் வருவது அத்திப்பட்டி, அது கற்பனை ஊர். நம் ஊர் அனல் மின் நிலையப் புகைக்கும் துறைமுக லாரிக்கும் நடுவே இருந்த இடத்திலேயே இருக்கிறது.)

ஆகவே பாலத்துக்கு அந்தப் பக்கம் நடக்கும் மன்றக் கதை நமக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. இன்று அங்கே நடப்பது நாளை நம் பக்கமும் வரக்கூடும்.

வரிக்காகப் பிறந்த மன்றம்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழைய நகர மன்றம் இதுதான். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு நம் மேல் இருந்த அன்பினால் இது பிறக்கவில்லை. 1686-ல் கோட்டைச் செலவுக்காக ஊர் மக்கள் மீது வீட்டு வரி போட்டார்கள். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன. கடையடைப்புக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது என்று நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ளட்டும். இதைப் பார்த்து லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசியா சைல்டு ஒரு யோசனை செய்தார். ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வைத்து ஒரு மன்றம் அமைத்தால், தாங்களே விதித்த வரி என்று ஜனங்கள் மனமுவந்து கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. அப்படி உட்கார வைத்த ஆல்டர்மென்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தங்கசாலைத் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டிய ஆலங்காத்தா பிள்ளை அவர்களில் ஒருவர், கம்பெனியோடு வணிகம் செய்தவர். மன்றம் வந்தும் வரி எதிர்பார்த்தபடி வசூலாகவில்லை என்பது வேறு விஷயம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளாட்சி மன்றம் என்பது வரி கொடுப்பவனுக்கும் வரி வாங்குபவனுக்கும் இடையே நடக்கும் பேரம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் அந்தப் பேரத்தின் சரக்கு. பேரம் பேச ஆள் இல்லாவிட்டாலும் விலை நிற்காது. நாம் பேசாமலே விலை குறிக்கப்படும்.

1973-ல் நடந்தது

சென்னை மாநகராட்சி அரசியலில் மறக்க முடியாத சம்பவம் மஸ்டர் ரோல் ஊழல். மஸ்டர் ரோல் என்றால் நமக்குத் தெரியாததல்ல. தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. அதில் உள்ள பெயருக்குத்தான் கூலி. மாநகராட்சி வேலைகளில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிப் பணம் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மூட்டை இறக்க நாலு பேர் வந்திருக்க, ஏழு பேருக்கு வவுச்சர் போடுவது போலத்தான். விவகாரம் முற்றி, 1973 டிசம்பரில் மன்றமே கலைக்கப்பட்டது. தனி அதிகாரி வந்தார். சில மாதத்துக்கு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. இடையே 23 ஆண்டுகள் சென்னை நகரத்துக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆட்சிகள் மாறின, தனி அதிகாரி நிர்வாகம் மட்டும் மாறவில்லை. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்தால் தமக்குப் போட்டி என்று நினைத்த சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

நாம் கேட்பது இதுதான். கடையில் கணக்கப்பிள்ளை கையாடல் செய்தால் என்ன செய்வோம்? பேரேட்டை எடுத்து உட்கார்ந்து, எவ்வளவு போயிற்று என்று பார்த்து, அவரிடமிருந்து வசூல் செய்வோம். முடியாவிட்டால் போலீசுக்குப் போவோம். கடையை 23 வருஷம் பூட்டி வைப்போமா?

அயல்நாட்டில் இதே மாதிரி ஒரு விவகாரம் நடந்தது. மளிகைக்காரர்கள் கேட்க வேண்டிய கதை அது. 1919-ல் லண்டனில் ஜாக் கோஹன் என்பவர் சந்தையில் சிறு கடை போட்டு மளிகைச் சாமான் விற்றார். அது வளர்ந்து 'டெஸ்கோ' என்ற பெரும் கடைத் தொடராயிற்று. அவருடைய மகள் ஷெர்லி போர்ட்டர். லண்டன் மாநகரின் பகுதி மன்றங்களில் ஒன்றான வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்துக்கு 1983 முதல் 1991 வரை தலைமை வகித்தார். 1986 தேர்தலில் அவர் கட்சி தப்பிப் பிழைத்த மாதிரி ஜெயித்தது. அடுத்த முறை தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில், போட்டி கடுமையாக இருந்த எட்டு வார்டுகளில் மன்றத்துக்குச் சொந்தமான வாடகை வீடுகளைக் காலி செய்து, தம் கட்சிக்கு வாக்களிக்கக்கூடியவர்கள் வாங்கும்படி விற்கத் தொடங்கினார்கள். வீடில்லாத ஏழைகள் வேறு பக்கம் தள்ளப்பட்டார்கள். அந்த வட்டாரத்து வாக்காளர்கள் சிலர் மன்றத்தின் கணக்கை ஆட்சேபித்துத் தணிக்கை அதிகாரியிடம் போனார்கள். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. தணிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் தோண்டி, 1996-ல் நஷ்டத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. 2001-ல் உச்ச அமைப்பான பிரபுக்கள் சபை நீதிபதிகள் தணிக்கையாளர் சொன்னதே சரி என்றார்கள். கடைசியில் 2004-ல் போர்ட்டர் அம்மையார் 1 கோடியே 23 லட்சம் பவுன் கட்டி முடித்தார்.

பதினேழு பதினெட்டு வருஷம் இழுத்தது, உண்மைதான். ஆனால் அந்தக் காலம் முழுவதும் வெஸ்ட்மின்ஸ்டரில் மன்றம் இருந்தது, தேர்தல் நடந்தது. தப்பு செய்தவரிடம் கணக்கு கேட்டார்கள், வாக்காளனுடைய ஓட்டைப் பறிக்கவில்லை. சென்னையில் தண்டனை கிடைத்தது ஓட்டுப் போட்டவனுக்கு.

அந்த 23 ஆண்டுகளில் நம் தொழிலில் நடந்த பெரிய மாற்றம் கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போனது. திட்டம் போட்டது, நிலம் எடுத்தது, கட்டியது எல்லாம் மன்றம் இல்லாத காலத்தில். 1996-ல் கோயம்பேடு திறந்தது. மாற்றம் வேண்டியதுதான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தலைச்சுமைக்காரர் நடக்க இடமில்லாத சந்துகளில் எத்தனை காலம் ஓட்டுவது? ஆனால் அந்தத் தெருக்களில் தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள் போய்க் கேட்பதற்கு ஒரு வார்டு கவுன்சிலர்கூட இல்லை. கோட்டைக்கு மனு, கோர்ட்டுக்கு வழக்கு. சிறு வியாபாரிக்கு இரண்டும் கட்டுப்படியாகாது.

சட்டம் சொல்வது, நடப்பது

இனி இப்படி நடக்கக்கூடாது என்றுதான் அரசியல் சட்டத்தில் 73, 74-ஆவது திருத்தங்கள் வந்தன. இரண்டும் 1993-ல் அமலாயின. ஊராட்சியோ மாநகராட்சியோ, மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும். நடுவில் கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல். இதற்கு ஏற்பத்தான் 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது, 1996-ல் தேர்தல் நடந்தது, மு.க.ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மேயரானார்.

அதற்கப்புறமும் சண்டைக்குக் குறைவில்லை. 2002-ல் ஒருவருக்கு இரண்டு பதவி கூடாது என்று சட்டத் திருத்தம், வழக்கு, மேயர் நாற்காலி காலி, 2006 வரை துணை மேயரே பொறுப்பு. 2006 தேர்தலில் மேயரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறை போய்க் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அந்தத் தேர்தல் நாளன்று சென்னையில் நடந்த வன்முறை உயர்நீதிமன்றம் வரை போய், 2007 பிப்ரவரியில் 67 வார்டுகளில் மறுபடி தேர்தல் நடந்தது. இவற்றை விரிவாக எழுதத் தேவையில்லை, செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிந்ததே. ஊர்ப்புறத்தில் தலைவர் பதவியையே ஏலம் விட்டார்கள் என்ற செய்திகள் 2019 தேர்தலிலும் வந்தன. ஏலத்தில் எடுத்தவர் கொள்முதல் விலையை எந்தச் சரக்கின் தலையில் ஏற்றுவார் என்று வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு 2016-ல் பழைய கதையே திரும்பியது. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை, அறிவிப்பு அவசர கதியில் வந்தது என்ற காரணங்களால் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே திருத்தி நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. வார்டு மறுவரையறை, வழக்கு, அவகாசம் என்று போய், நம் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் கிராமப்புறத்துக்கு 2019 டிசம்பரிலும், சென்னை உள்ளிட்ட நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19-லும்தான் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. மாநிலத்துக்குப் பெரிய தொகை, ஊராட்சிக்குத் தெருவிளக்குக் காசு.

இந்த இடைவெளியில் வரி என்ன ஆயிற்று என்று பாருங்கள். சென்னையில் 1998-க்குப் பின் சொத்து வரிச் சீராய்வு நடக்கவில்லை. 2018 ஜூலையில், மன்றம் இல்லாத காலத்தில், வீடுகளுக்கு 50 சதவீதமும், கடை போன்ற குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதமும் வரை உயர்த்தி உத்தரவு வந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த நேரத்தில், உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியது அடுத்த தவணைகளில் கழிக்கப்படும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது. மார்ச் 4-ல் ஆர்.பிரியா மேயரானார். ஏப்ரல் 1-ல் புதிய உயர்வு அறிவிப்பு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். அதாவது 1,000 ரூபாய் கட்டியவர் 2,500 கட்ட வேண்டும்.

ஆகவே மன்றம் இருந்தால் வரி ஏறாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஏறியது. இரண்டு உயர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். 2018-ல் நம் பக்கத்துச் சரக்கு வாங்கும் எண்ணூர், திருவொற்றியூர் கடைக்காரர்கள் நோட்டீசை வைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். அங்கே இருந்தவர், "மேலிடத்து உத்தரவு" என்று சொல்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? அவரும் சம்பளக்காரர். 2022-ல் அதே விஷயம் மன்றத்தில் தீர்மானமாக வந்தது. ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தது. அடுத்த முறை கடைவாசலில் கைகூப்பிக்கொண்டு வரும்போது கேட்க ஒரு கேள்வி நம் கையில் இருக்கிறது. 2019-ல் தேர்தல் என்ற பேச்சுக்கே வரி நின்றது என்றால், தேர்தல் இல்லாத ஊரில் எதற்குப் பயந்து நிற்கும்?

2020 கொரோனாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் 5-ஆம் தேதி கோயம்பேட்டை மூடினார்கள், காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கடை திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறியது. சென்னையில் அப்போது ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. அதிகாரிகள் இரவு பகலாக உழைத்ததை நாம் மறுக்கவில்லை, பலர் உயிரைப் பணயம் வைத்தார்கள். ஆனால் எந்தத் தெரு அடைப்பு, எந்தக் கடைக்கு அனுமதி என்று கேட்டுச் சொல்ல வார்டில் நமக்குத் தெரிந்த முகம் இல்லை. நம் பக்கம் ஊராட்சிகளில் தேர்தல் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்ததால் தலைவரையாவது வீட்டில் போய்ப் பார்க்க முடிந்தது. அரிசி வண்டிக்கு வழி கேட்டுப் போன அனுபவம் நம் கடைக்கே உண்டு.

அதிகாரி நிர்வாகமே மேல் என்று சொல்லும் அன்பர்களின் வாதத்திலும் விஷயம் இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாத ஊர்களில் துப்புரவுப் பணியாளர் சம்பளம் முதல் மோட்டார் பழுது வரை நின்று போனதைத் தமிழ்நாடெங்கும் பார்த்திருக்கிறோம். கலெக்டர் வரை பஞ்சாயத்து போகும். தனி அலுவலர் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மீஞ்சூர் ஒன்றியத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் அத்தனைக்கும் தனி அலுவலர் என்றால், நம் கடைத்தெரு சாக்கடை அவர் மேசைக்கு எத்தனையாவது காகிதமாக வரும்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தராசில் ஐம்பது கடைக்கு எடை போடச் சொன்னால் யாராலும் முடியாது.

நம் பக்கத்துக் கணக்கு

2025 ஜூலையில் நமக்கே இது நேர்ந்தது. கிராம ஊராட்சிகளில் கடை, தொழில் நடத்த உரிமம் பெறுவதற்கான புதிய விதிகளை அரசு வெளியிட்டது. உரிமம் என்ற ஏற்பாடு 1994 சட்டத்திலேயே இருந்ததுதான். ஆனாலும் டீக்கடை வரைக்கும் பட்டியலும் கட்டணமும் என்றதும் கிராமத்துக் கடைக்காரர்கள் பதறிப் போனார்கள். வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அமல்படுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. சந்தோஷமே. ஆனால் கவனியுங்கள். அந்த நேரத்தில் நம் ஊராட்சியில் மன்றம் இல்லை. கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு என்று ஊரளவில் பேசித் தீர்மானம் போட ஒரு சபை இல்லை. சென்னையில் மாநிலச் சங்கம் குரல் கொடுத்ததால் நின்றது. எல்லா விஷயத்துக்கும் மாநிலச் சங்கம் வர முடியாது. புதுநகர் ஸ்டேஷன் ரோட்டில் லாரி நிறுத்துவதற்கு யார் வருவார்கள்?

தொழில் வரியில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் எந்த உள்ளாட்சியும் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே சொல்கிறது. அரையாண்டுக்கு 1,250. ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் இதுதான் உச்சவரம்பு. சொத்து வரிக்கும் உரிமக் கட்டணத்துக்கும் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. ஊராட்சியிலிருந்து மாநகராட்சிக்குப் போகும் ஊர்களுக்கு அடி விழுவது இந்த இரண்டில்தான். கத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்தபோது அந்த ஊருக்கென்று முழு மன்றம் இருந்தது. இணைந்த பின் 200 பேர் உட்காரும் மன்றத்தில் சில இருக்கைகளோடு சரி. குடிநீரும் சாலையும் மேம்படும் என்று இணைப்பை வரவேற்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. அந்தப் பேச்சு எழும்போது நம் பக்கத்துக் கருத்தை யார் பதிவு செய்வது? தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தால் அது தீர்மானம் போடலாம். இல்லாவிட்டால் கிராம சபை ஒன்றுதான்.

இங்கே வியாபாரிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடை ஒரு ஊரில், வீடு வேறு ஊரில். வரி கடை இருக்கும் ஊருக்கு, ஓட்டு வீடு இருக்கும் ஊரில். அத்திப்பட்டில் கடை வைத்து மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ குடியிருக்கும் நம் உறுப்பினர்கள் பலர். லண்டனின் பழைய நகரமான 'சிட்டி ஆஃப் லண்டன்' மன்றத்தில் மட்டும் இன்றும் வணிக நிறுவனங்களுக்கு ஓட்டு உண்டு, ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்காளர்களை நியமிக்கலாம். அந்நாட்டின் மற்ற ஊர்களில் 1969-ல் ஒழித்துவிட்டார்கள். நமக்கும் அப்படி வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதே நம் எண்ணம். அனல் மின் நிலையமும் துறைமுகமும் எரிவாயுக் கிடங்கும் சூழ்ந்த இடத்தில் கம்பெனிக்கு ஓட்டு என்று வந்தால், மளிகைக்காரரின் ஒற்றை ஓட்டு எந்த மூலைக்கு?

ஆனால் இங்கே ஓட்டு உள்ள வியாபாரிகள், ஓட்டு உள்ள கடைப் பையன்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிராம சபையில் உட்கார உரிமை உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். மே 1-க்குப் போகச் சொன்னால், மே 5 வணிகர் தினத்துக்கு எப்படியும் கடை அடைக்கிறோமே, அதே வாரத்தில் இன்னொரு அரை நாளா என்கிறார்கள். கடை அடைக்கத் தேவையில்லை, ஒருவர் போனால் போதும்.

போகிறவர் கேட்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். கடைக் கட்டடத்துக்கு எந்த வீதத்தில் வரி போட்டிருக்கிறார்கள், எந்த ஆண்டுத் தீர்மானப்படி? கடைத்தெருவில் வசூலான தொழில் வரி எவ்வளவு, அதில் கடைத்தெருவுக்குச் செலவானது எவ்வளவு? தினக்கூலி ஆட்கள் எத்தனை பேர், பதிவேட்டில் எத்தனை பேர்? வாயால் கேட்டால் காற்றோடு போகும், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம்.

தேர்தலுக்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் வார்டு வாரியாக வாக்காளர் பட்டியல் ஒட்டுவார்கள். புதுநகர், ஸ்டேஷன் ரோடு, மீஞ்சூர் போகும் பாதை ஆகிய இடங்களில் உள்ள நம் உறுப்பினர்கள் தங்கள் பெயரும் வீட்டுப் பெண்கள் பெயரும் எந்த வார்டில் வருகின்றன என்று அப்போதே பார்த்துக்கொள்ளவும். 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கீடு. நம் கடைத்தெரு வார்டு அந்தக் கணக்கில் வந்தால், கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நம் வீட்டம்மாக்களில் யாரை நிறுத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு இது நேரம்.